உடும்பின் வாலும் முவைலாவின் மண் ஒட்டகமும்



பாடசாலையிலிருந்து பிள்ளை ஒரு துண்டுக் கடிதம் கொண்டு வந்தால் எங்கள் வீடுகளில் முதலில் எழும் கேள்வி "எவ்வளவு காசு?" என்பதுதான். கடந்த குளிர்காலத்தில் வந்த கடிதமும் அப்படித்தான் வாசிக்கப்பட்டது. பிள்ளைகளை இயற்கை வரலாற்று நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்களாம். அங்கே ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பொருளைத் தெரிந்தெடுத்துப் பார்த்துக் கீற வேண்டுமாம். பிறகு வகுப்பில் அதை வைத்து ஓவியமோ மண் உருவமோ செய்ய வேண்டுமாம். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு தொகை கேட்டிருந்தார்கள்.

சார்ஜாவில் முவைலாப் பகுதியில் ஒரே கட்டடத்தில் நாங்கள் நான்கு தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். மூன்று குடும்பங்கள் ஈழத்திலிருந்து வந்தவை. ஒன்று சென்னையிலிருந்து வந்தது. ஆண்கள் விடியற்காலையில் கொம்பனி பஸ் ஏறி சஜ்ஜாப் பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள். எங்களில் பலர் யுத்தத்தினால் சாதாரண தரத்துடன் அல்லது அதற்கும் முன்பே படிப்பை விட்டவர்கள். இந்த நாட்டில் அகதி என்று எவருக்கும் ஓர் அட்டை கொடுப்பதில்லை. வேலை இருக்கும் வரைக்கும் விசா. ஆகவே பிள்ளைகள் படித்து முன்னுக்கு வந்துவிட வேண்டும் என்ற பயம் எங்களிடம் எப்போதும் இருக்கும். படிப்பு என்றால் எங்களுக்குக் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம். சித்திரம் அந்தப் பட்டியலில் இல்லை.

"செத்த மிருகத்தைப் பார்த்துப் படம் கீறி என்ன வரப் போகுது? அந்த நேரத்தில ரெண்டு கணக்குச் செய்யட்டும்." இப்படிச் சொன்னவர்கள் நாங்கள்தான். அதை மறைக்காமல் எழுதுகிறோம். ஏனென்றால் இந்த இதழை வாசிக்கும் பல வீடுகளிலும் இதே வார்த்தைகள் சொல்லப்படுகின்றன என்பது எமக்குத் தெரியும்.

பாலைவனப் பூங்காவில்

சார்ஜா நகரிலிருந்து தைத் போகும் பெருவீதியில் பாலைவனப் பூங்கா இருக்கிறது. அங்கே இயற்கை வரலாற்று, தாவரவியல் நூதனசாலை 1995ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதே வளாகத்தில் 1999இல் அரேபிய வனவிலங்கு நிலையம் திறக்கப்பட்டது. ஒன்றில் பாறை, எலும்பு, சிப்பி, பாடம் செய்யப்பட்ட விலங்குகள். மற்றதில் இந்த மண்ணின் உயிருள்ள விலங்குகள். ஒரு பிள்ளை எலும்பையும் பார்த்து, அந்த எலும்பு உள்ளே இருந்து நடக்கும் மிருகத்தையும் பார்க்கலாம்.

இந்தப் பாலைவனத்தில் ஒன்றுமே இல்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பஸ் யன்னலால் பார்த்தால் மணலும் மின்கம்பமும்தான் தெரியும். பிள்ளைகள் திரும்பி வந்து சொன்ன கதைகள் வேறு. ஒட்டகத்தின் பாதத்தில் இரண்டே இரண்டு விரல்கள், கீழே அகலமான மெத்தை போன்ற அடிப்பாகம், அதனால்தான் மணலில் புதைவதில்லை. ஓரிக்ஸ் மானைப் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு கொம்பும் ஒன்றாகத் தெரியும். ஜெர்போவா என்ற சிறிய எலிக்குப் பின்னங்கால் நீளம், கங்காருவைப் போலப் பாயும். 'தப்' என்ற பல்லியின் வால் முழுக்க முள்.

ஓரிக்ஸின் கதையைப் பெரியவர்களும் அறிந்து வைத்திருப்பது நல்லது. வேட்டையினால் 1972ஆம் ஆண்டளவில் அது காட்டில் ஒன்றுகூட இல்லாமல் போனது. சரணாலயங்களிலும் மிருகக்காட்சிச் சாலைகளிலும் காப்பாற்றி வைத்திருந்த சிலவற்றிலிருந்து இனம் பெருக்கி, 1982இல் ஓமானில் மீண்டும் காட்டில் விட்டார்கள். சொந்த இடத்தில் இல்லாமல் போய், வேறு இடங்களில் உயிர் தப்பி, பின்பு வீடு திரும்பிய இனம் அது. இதை எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை சொன்னபோது அவளுடைய தகப்பனார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

பார்த்துக் கீறும் முறையையும் பிள்ளைகள் சொன்னார்கள். முதல் ஐந்து நிமிடம் பென்சிலைத் தொடக்கூடாது. பார்க்க மட்டும் வேண்டும். விரலை எண்ண வேண்டும். எது நீளம், எது கட்டை என்று ஒப்பிட வேண்டும். பிறகு கீற வேண்டும். அழிறப்பர் கொண்டுபோக விடவில்லை. பிழைத்த கோட்டை அப்படியே விட்டுப் பக்கத்தில் சரியான கோட்டைப் போட வேண்டும். படத்தின் கீழே பொருளின் பெயரையும் திகதியையும் எழுத வேண்டும்.

எங்கள் சின்னவனின் உடும்பு

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறோம். எங்கள் சின்னவனுக்குப் பத்து வயது. முல்லைத்தீவில் அம்மம்மாவோடு வளர்ந்து, போன வருடம்தான் எங்களிடம் வந்து சேர்ந்தான். பாடசாலையில் ஆங்கிலம், அரபு, ஹிந்தி என்று மூன்று மொழிகள் காதில் விழுகின்றன. தமிழ் ஒரு பாடமாக இல்லை. வந்த நாள் தொடக்கம் வகுப்பில் அவன் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவான். பிள்ளைக்கு விளங்குகிறதா இல்லையா என்று ஆசிரியர்களுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அடுத்த வருடம் அதே வகுப்பிலேயே இருத்தி வைக்க வேண்டி வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பயணத்துக்கு அவனை அனுப்பாமல் விடவே நாங்கள் யோசித்தோம். கடைசி நாளில் பக்கத்து வீட்டு அக்கா, "மற்றப் பிள்ளையள் எல்லாம் போகேக்க இவன் மட்டும் நிண்டால் இன்னும் ஒதுங்கிப் போவான்" என்று சொன்னதால் காசு கட்டினோம்.

அங்கே ஊர்வன இருந்த பகுதியில் அவன் ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றுவிட்டானாம். உள்ளே பாலைவன உடும்பு. மற்றவர்கள் ஓரிக்ஸையும் சிறுத்தையையும் தேடிப் போக, இவன் அசையவில்லை. கொப்பியில் உடும்பைக் கீறினான். பக்கத்தில் இரண்டு சிறிய வட்டங்கள் கீறினான். ஒன்று உருண்டை, மற்றது இரண்டு பக்கமும் அமுக்கின மாதிரிச் சப்பை. கீழே பெயர் எழுத வேண்டுமே. ஆங்கிலப் பெயர் அங்கே எழுதியிருந்தும் அதைப் பாராமல் தமிழில் 'உடும்பு' என்று எழுதினான்.

சித்திர ரீச்சர் கேரளத்தைச் சேர்ந்தவர். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. இது என்ன என்று வாசித்துக் காட்டும்படி கேட்டார். இவன் "உடும்பு" என்றான். ரீச்சர் சிரித்துவிட்டாராம். ஏனென்றால் மலையாளத்திலும் அது உடும்புதான். பிறகு இந்த வட்டங்கள் என்ன என்று கேட்டார். தெரிந்த ஆங்கிலத்தையும் தமிழையும் கலந்து இவன் விளக்கியிருக்கிறான். இந்த உடும்பின் வால் உருண்டை. எங்கள் ஊர் உடும்பின் வால் சப்பை. வாலை வெட்டினால் இப்படித்தான் தெரியும். அம்மம்மா வீட்டு வேலிக்குள்ளால் கோழி முட்டை எடுக்க வருகிறபோது தான் கண்டிருக்கிறேன் என்று.

அவன் சொன்னது சரி. பாலைவன உடும்பின் வால் பெரும்பாலும் உருண்டையாகவும், இலங்கையிலும் இந்தியாவிலும் உள்ள எங்கள் நில உடும்பின் வால் பக்கவாட்டில் தட்டையாகவும் இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம், வேறு வேறு இனம். இந்த வித்தியாசத்தை அந்த வகுப்பில் வேறு எவரும் கவனிக்கவில்லை. அடுத்த நாள் அரபு ஆசிரியர், இதற்கு அரபில் 'வரல்' என்று பெயர் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினாராம். உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் உடும்பு இனத்துக்கு வைத்திருக்கும் 'வரானஸ்' என்ற பெயரும் அந்த அரபுச் சொல்லிலிருந்தே வந்தது.

அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வந்து அவன் கதைத்த கதைக்கு அளவில்லை. நாங்கள் இருவரும் வேலை முடிந்த களைப்பில் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தோம்.

இங்கே வந்தால் பழையது எல்லாவற்றையும் மறந்து புதிதாகத் தொடங்க வேண்டும் என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தோம். அது பிழை என்று அன்றைக்கு விளங்கியது. அம்மம்மாவின் வேலியில் பார்த்த ஒன்று சார்ஜாவில் அவனுக்குப் பாடமாக உதவியது. ஆங்கிலம் வரும் வரைக்கும் காத்திருக்காமல், தனக்குத் தெரிந்ததைக் காட்ட அவனுக்குப் படம் ஒரு வழியாக இருந்தது.

காஃப் மரமும் வன்னி மரமும்

பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை ஒரு மரத்தின் இலையை எடுத்துக்கொண்டாள். இங்கே அதற்குக் காஃப் மரம் என்று பெயர். எமிரேற்ஸின் தேசிய மரம். 2019ஆம் ஆண்டை இந்த நாடு சகிப்புத்தன்மை ஆண்டு என்று அறிவித்தபோது அதன் சின்னமாகவும் இந்த மரமே இருந்தது. வேரை மிக ஆழத்துக்கு விட்டுத் தண்ணீர் தேடும். மழை இல்லாத காலத்திலும் பச்சையாக நிற்கும். பிள்ளை இலைகளுக்கு மை பூசிக் கடதாசியில் ஒற்றி, ஒரு முழு மரமாக ஆக்கியிருந்தாள்.

அதை வீட்டில் விரித்தபோது அவளுடைய அம்மா, "இது வன்னி மரமெல்லோ!" என்றார். உண்மைதான். காஃப் என்பதும் எங்கள் வன்னி மரம் என்பதும் ஒரே மரம். விஜயதசமியன்று யாழ்ப்பாணக் கோயில்களில் மானம்பூத் திருவிழாவில் வன்னி வாழை வெட்டு என்று நடக்குமே, அந்த வன்னி. ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் அந்த மரங்களைக் கடந்து போனவர்கள் நாங்கள். ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை கடதாசியில் ஒற்றிக் காட்டும் வரைக்கும் எங்கள் கண்ணில் அது படவில்லை.

முவைலாவின் பழைய கைகள்

கண்காட்சிக்கு மண் உருவங்கள் செய்யத் தொடங்கியபோது ரீச்சர் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி சொன்னார். நாங்கள் குடியிருக்கும் முவைலாவின் பெயர் உலகத் தொல்பொருள் ஆராய்ச்சி நூல்களில் இருக்கிறது என்பதே அது. இங்கே, பல்கலைக்கழக நகரத்துக்குக் கிட்ட, இற்றைக்கு ஏறக்குறைய 2,800 ஆண்டுகளுக்கு முற்பட்ட இரும்புக்கால ஊர் ஒன்று மணலின் கீழ் இருந்தது. பீற்றர் மகீ என்ற ஆய்வாளரின் தலைமையில் 1990களில் அதைத் தோண்டினார்கள். தூண்கள் வைத்த மண்டபம், இரும்புப் பொருட்கள், மூக்கு வைத்த மண் பாத்திரங்கள் எல்லாம் கிடைத்தன. பழக்கப்பட்ட ஒட்டகங்களின் எலும்புகளும் கிடைத்தன. மனிதன் ஒட்டகத்தை வீட்டு மிருகமாக ஆக்கிய கதையை அறிய அந்த எலும்புகள் உதவுகின்றன. அவற்றோடு சுட்ட மண்ணில் செய்த ஒட்டக உருவங்களும் கிடைத்தன. இந்த ஊரின் கண்டெடுப்புகளைச் சார்ஜா தொல்பொருள் நூதனசாலையில் பார்க்கலாம்.

அந்த ஊர் தீயினால் அழிந்தது. எரிந்து விழுந்த சுவர்களின் கீழ் பொருட்கள் அகப்பட்டுக் கிடந்ததனால்தான் இவ்வளவும் இன்று கிடைத்திருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பெற்றோரிடம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எரிந்த இடத்திலிருந்தும் ஏதாவது மிஞ்சும் என்று கேட்கும்போது மனதுக்கு ஒரு ஆறுதல்.

இங்கே நாங்கள் இன்றைக்கு வாடகைக்கு இருக்கும் நிலத்தில், 2,800 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஒட்டகத்தை நன்றாகப் பார்த்து, மண்ணைப் பிசைந்து, அதன் உருவத்தைச் செய்திருக்கிறார். அந்த வேலையைத்தான் எங்கள் பிள்ளைகள் பாடசாலை மேசையில் செய்தார்கள். 'படம் கீறி என்ன வரப் போகுது' என்று நாங்கள் கேட்ட கேள்விக்கு அந்த மண் ஒட்டகமே மறுமொழி.

எங்கள் நாடுகளிலும்

சென்னைக் குடும்பத்து ஐயா ஒரு வேடிக்கை சொன்னார். சென்னை எழும்பூரில் 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த வளாகத்திலேயே ஒரு காலத்தில் மிருகக்காட்சிச் சாலையும் இருந்ததாம். சனங்கள் மிருகக்காட்சிச் சாலையை 'உயிர் காலேஜ்' என்றும், அருங்காட்சியகத்தை 'செத்த காலேஜ்' என்றும் சொல்வார்களாம். எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளும் இப்போது பாலைவனப் பூங்காவின் இரண்டு கட்டடங்களையும் அப்படியே அழைக்கிறார்கள்.

விலங்கையும் செடியையும் பார்த்துக் கீறுவது எங்களவர்களுக்குப் புதிய தொழில் அல்ல. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் 1832இல் காலமானார். அவர் தம் ஓவியர்களைக் கொண்டு பறவைகளையும் விலங்குகளையும் வரைவித்தார். இலங்கையில் பேராதனைப் பூங்காவில் ஓவியராக இருந்த ஹர்மானிஸ் த அல்விஸ் என்பவரின் குடும்பம் பெயர் பெற்றது. இலங்கையின் வண்ணத்துப் பூச்சிகளைப் பற்றி பிரடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை வெளியிட்ட மூன்று பெரிய தொகுதிகளுக்கு, ஹர்மானிசின் பிள்ளைகளான வில்லியம், ஜோர்ஜ் இருவரும் படங்கள் வரைந்தார்கள். தகப்பனிடம் பழகிய கை பிள்ளைகளுக்குச் சோறு போட்டது.

லண்டனில் சொந்தக்காரர் உள்ளவர்கள் அங்கே போனால் 1881இல் திறந்த இயற்கை வரலாற்று நூதனசாலையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உள்ளே போக ரிக்கற் காசு இல்லை. கட்டடத்தின் சுவர்களிலேயே சுட்ட மண்ணில் குரங்கும் மீனும் பறவையும் இருக்கும். அல்பிரட் வாட்டர்ஹவுஸ் என்ற கட்டடக் கலைஞர் தம் கையால் படம் வரைந்து செய்வித்தவை அவை.

பெற்றோர் செய்யக் கூடியவை

எங்கள் அனுபவத்திலிருந்து சில விடயங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

லீவு நாளில் பிள்ளைகளைப் பெரிய கடைத் தொகுதிகளுக்கு மட்டும் கூட்டிப் போகாமல், வருடத்தில் இரண்டு தரமாவது ஒரு நூதனசாலைக்குக் கூட்டிப் போங்கள். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்தால் வாகனச் செலவு குறையும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க ஓட வேண்டாம். ஒரு பொருளின் முன் அரை மணித்தியாலம் இருந்தால் போதும். ஒரு பென்சிலும் கோடில்லாத கொப்பியும் காணும். விலை கூடிய வர்ணப் பெட்டி தேவையில்லை. தொழிற்சாலையில் வீசும் கெட்டி மட்டைகளை மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டு எடுத்து வரலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

நூதனசாலைக்குப் போக வசதி இல்லாத கிழமைகளில் கடற்கரைச் சிப்பியும், வீதியோரத்து இலையும், சமைக்க வாங்கிய மீனும் போதும். மீனை வெட்டுமுன் பத்து நிமிடம் பிள்ளையிடம் கொடுங்கள். செட்டையை எண்ணிக் கீறட்டும். உயிருள்ள பிராணிகளைப் பிடிக்கவோ, காப்பகங்களில் எதையும் பிடுங்கவோ விடாதீர்கள். செத்த பறவைகளைத் தொட விடாதீர்கள்.

படத்தின் கீழே தமிழ்ப் பெயரையும், ஆங்கிலப் பெயரையும், அரபுப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். தமிழ்ப் பெயர் பிள்ளைக்குத் தெரியாவிட்டால் ஊருக்கு ரெலிபோன் எடுத்து அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேட்கச் சொல்லுங்கள். "சாப்பிட்டியா, படிக்கிறியா" என்பதற்கு மேல் என்ன கதைப்பது என்று தெரியாமல் இருக்கும் பேரப்பிள்ளைக்கும் பாட்டிக்கும் அதுவே ஒரு நல்ல கதையாகிவிடும்.

கீறியதை எறிய வேண்டாம். திகதி போட்டு ஒரு பைலில் வையுங்கள். நாங்கள் படித்த காலத்தில் விஞ்ஞானக் கொப்பியில் தவளையும் செவ்வரத்தம் பூவும் எவ்வளவு கவனமாகக் கீறினோம்! 2009இல் ஓடிய ஓட்டத்தில் அந்தக் கொப்பிகள் எங்கே போயின என்று தெரியாது. மெனிக் பாம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் கையில் அடையாள அட்டையும் ஒரு தண்ணீர்ப் போத்தலும்தான் இருந்தன. எங்கள் சிறுவயதைக் காட்ட ஒரு படம், ஒரு கொப்பித் தாள் எங்களிடம் இல்லை. எங்கள் பிள்ளைகளிடம் இருக்கட்டும். விசா முடிந்து நாளைக்கு வேறு ஒரு நாட்டுக்குப் போனாலும் ஒரு பைலைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

பாடசாலைக் கண்காட்சி நடந்த அன்று வேலை முடிந்து போய்ச் சேர எங்களுக்கு நேரமாகிவிட்டது. மேசைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு காவலாளி ஐயா எங்களைச் சுவரடிக்குக் கூட்டிப் போனார். சின்னவனின் மண் உடும்பு அங்கே இருந்தது. கொஞ்சம் வெடித்திருந்தது, ஒரு கால் ஒட்ட வைத்திருந்தது. முன்னால் இருந்த மட்டையில் மூன்று மொழியில் பெயர். முதலில் தமிழ். அவனே எழுதியது. அடுத்த வருடம் மேல் வகுப்புக்கு அனுப்புகிறோம் என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள். அதற்கு உடும்பு மட்டும் காரணமில்லை. அதற்குப் பிறகு அவன் வகுப்பில் வாய் திறந்து வாசிக்கத் தொடங்கினான், கேள்வி கேட்டான்.

உங்கள் பிள்ளைகளும் பார்த்துக் கீறியவற்றை இந்த இதழுக்கு அனுப்பி வையுங்கள். கீழே தமிழ்ப் பெயர் எழுத மறக்க வேண்டாம்.